வலப்பக்க ஸ்டியரிங்கில் வராத வண்டி

மகன்,

சலாமும் சுகம் விசாரிப்பும் நேற்றுப் போனிலேயே முடிந்துவிட்டன. நீ நல்லாய் இருக்கிறாய், நானும் நல்லாய் இருக்கிறேன், வெயில் கட்டாரிலும் கடுமை, இங்கே சாய்ந்தமருதிலும் கடுமை. அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. "உம்மா, அந்த வண்டி வலப்பக்க ஸ்டியரிங்ல வராதாம். கம்பனிக்காரன் கைவிட்டுட்டான். நான் இன்னொரு தவணைக்கு சைன் வைக்கப் போறன்" என்றாய். நான் வாயைத் திறக்குமுன் "சரி உம்மா, வைக்கிறன்" என்று வைத்தும் விட்டாய். இந்த மாதக் கடைசியில் உன் வேலை ஒப்பந்தம் முடிகிறது. நீ கையெழுத்துப் போட்டால் இன்னும் சில வருடங்கள் அங்கேதான். போடாவிட்டால் வீடு. அதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். போனில் உன்னோடு கதைத்து எனக்குக் கட்டாது. எதைச் சொன்னாலும் "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்று என்னை மடக்கிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் சின்னவள், உன் தங்கச்சி, படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். கடுதாசிக்கு ஓம் போட்டுப் பார்.

வண்டிகளைப் பற்றி இந்த வயதில் எனக்கு இவ்வளவு தெரியவேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எல்லாம் உன்னால் வந்தது. நீ அங்கே பாலைவனத்தில் ஓட்டித் திரிகிற அந்தப் பெரிய பிக்கப்பின் பக்கத்தில் நின்று எடுத்த படம்தான் இன்னும் என் போனைத் திறந்தவுடன் தெரிகிறது. வண்டியின் மூக்கு உன் நெஞ்சளவுக்கு உயரம். "இப்பிடி ஒண்டு வாங்கிக்கொண்டுதான் உம்மா ஊருக்கு வருவன், வந்தா திரும்பிப் போக மாட்டன்" என்றாய். நானும் சரி என்றேன். ஒரு ஆண்பிள்ளைக்கு ஓர் ஆசை இருக்கட்டுமே. அப்போது நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். திறந்ததும் வருவேன் என்றாய். திறந்தார்கள். அந்த வண்டி இடப்பக்க ஸ்டியரிங்கில் மட்டும்தான் செய்கிறார்களாம், நம் நாட்டில் அதைப் பதிய விடமாட்டார்களாம் என்றாய். பிறகு கம்பனி வலப்பக்கத்திலும் செய்யப் போவதாகக் கதை அடிபடுகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றாய். பொறுத்தேன். மற்றத் தாய்மார் பிள்ளையின் லீவுக்கு நாள் பார்க்கும்போது நான் எங்கேயோ ஒரு தூரத்து நாட்டில் இருக்கும் ஒரு ஃபக்டரியின் முடிவுக்காகக் காத்திருந்தேன். சின்னவளிடம் போனைக் கொடுத்து "பாரு புள்ள, புதினம் ஏதும் இரிக்கா" என்று கேட்பேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

நேற்று நீ போனை வைத்ததும் நான் நேரே மருமகனிடம்தான் போனேன். சின்னவளின் புருஷன் கல்முனையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பது இதற்காவது உதவட்டும் என்று கேட்டேன். "மருமகன், ஒரு ஸ்டியரிங்க கழட்டி இந்தப் பக்கம் பூட்டுறதுக்கு அவனுகளுக்கு என்ன கஷ்டம்?" அவர் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு சொன்னார். "மாமி, ஸ்டியரிங் மட்டும் மாறுற வேல இல்ல அது. முன்னால மீட்டர் இரிக்கிற பலகை முழுக்கப் புது அச்சு. பிரேக்கு, அதுக்குப் பின்னால இரிக்கிற சாமான், எல்லாத்துக்கும் எஞ்சின் பக்கத்தில இடம் எடுக்கணும். இந்தப் பக்கம் புகைக்குழாய் போகுது எண்டு வைங்க, அப்ப அத எங்க கொண்டு போற? வைப்பர் துடைக்கிற பக்கம் மாறணும். லைட் வெளிச்சம் சாயிற பக்கம் மாறணும். எல்லாம் செஞ்ச பிறகு வண்டிய சுவத்தில மோதி உடைச்சுப் பார்ப்பானுகள், ஆள் தப்புறானா எண்டு. அதையும் முதல்ல இருந்து."

"செய்யட்டுமே. பெரிய கம்பனிதானே."

"வாங்குற ஆக்கள் காணா மாமி, போதா. அந்த சைஸ் பிக்கப்ப கூடுதலா வாங்குறது ஒரு நாட்டுச் சனம்தான், அங்க இடப்பக்க ஸ்டியரிங். நம்மள மாதிரி இடப்பக்கமா ஓடுற நாடுகளில ரோட்டும் சின்னன், எண்ணெயும் விலை. அச்சு செஞ்ச செலவுக்குக் காணாட்டி விட்டுருவானுகள். சில வண்டிய செய்ய ஏலாம கைவிடுறல்ல, அவனுகள்ட வேறொரு வண்டி இங்க நல்லா ஓடுது, அதுக்குப் போட்டியா இத ஏன் இறக்கணும் எண்டும் கைவிடுறதான். ஜப்பான்காரன்ட சொந்த ரோட்டே நம்மட மாதிரி, அதுதான் நம்மட ஊர் நிறைய அவன்ட வண்டி."

அடுப்படியை மாற்றிய கதை எனக்கு உடனே நினைவு வந்தது. இந்த வீட்டைக் கட்டும்போது குசினியைக் கிழக்கிலிருந்து மேற்குப் பக்கம் மாற்றச் சொல்லி நான் பிடிவாதம் பிடித்தேன். மேசன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்குத் தெரிந்தது ஓர் அடுப்பும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான். அவருக்குத் தெரிந்தது நிலத்துக்குக் கீழே போகிற குழாய்கள். கடைசியில் போட்ட நிலத்தை உடைத்துத்தான் மாற்றினார்கள். அதனால் மருமகன் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் "ஆக்கள் காணா" என்ற சொல்தான் தொண்டையில் மீன் முள்ளாய் நிற்கிறது. யாரோ ஒருவன் ஒரு மேசையில் இருந்துகொண்டு, இலங்கை என்று ஒரு நாடு, அதில் கல்முனைப் பக்கம் ஒரு தாய், அவளுக்கு ஒரு மகன் என்று எதுவும் தெரியாமல், காணாது என்று ஒரு கோடு போட்டிருக்கிறான். கோபம் வந்தது. காலையில் எழும்பி முற்றத்தைக் கூட்டும்போது கோபம் அவன்மேல் இருந்து உன்மேல் திரும்பிவிட்டது. ஏனென்றால் அது வண்டியைப் பற்றிய கதை இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

கொஞ்சம் இரு, பேக்கரிப் பாண்காரனின் ஓட்டோ சத்தம் கேட்கிறது.

வந்துவிட்டேன். பாணும் வாங்கவில்லை, கேட்டைத் திறந்து வீதியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். எழுதுகிற வேலை எனக்குச் சரிவராது, கால் நிற்காது.

போன லீவில் நீ வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மருமகனின் சின்னக் காரை எடுத்துக்கொண்டு என்னைச் சவளக்கடைப் பக்கம் நம் வயலைப் பார்க்கக் கூட்டிப் போனாயே, அதைத்தான் நான் சொல்லப் போகிறேன். நீ அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. இன்றைக்குக் கதைக்கிறேன். வெளிக்கிடும்போதே நீ இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தாய். முன்னால் ஸ்டியரிங் இல்லை. நான் வலப்பக்கம் நின்று "என்ன மகன், நானா ஓட்டுற?" என்று சிரித்தேன், நீயும் சிரித்தாய். பிறகு மாறி இருந்தோம். பிரதான வீதியில் நீ சிக்னல் போடப் போனால் வைப்பர் அடித்தது. ஒரு துளி மழை இல்லாத நாளில், பட்டப்பகலில், காய்ந்த கண்ணாடியை வைப்பர் கீறிக்கொண்டு போய் வந்தது. சந்தியில் நின்ற ஆட்கள் பார்த்தார்கள். கியரைத் தேடிய உன் வலது கை திரும்பத் திரும்பக் கதவில் போய் முட்டியது. அப்போதும் நாங்கள் சிரித்தோம். போகும் வழியில் கிட்டங்கிப் பக்கம் எல்லாம் நீ நன்றாகத்தான் ஓட்டினாய். முன்னால் போகிற வாகனத்தின் பின்னால் போனாய், பிழை விட இடமில்லை.

திரும்பி வரும்போதுதான். வயல் பாதையில் இருந்து வீதிக்கு ஏறினாய். வீதியில் ஒரு குருவி கூட இல்லை. நீ என்னிடம் நெல்லு விளைச்சலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே ஏறினாய், கை தன்பாட்டுக்கு வண்டியை வலப்பக்கமாகக் கொண்டு போனது. எனக்கும் உடனே விளங்கவில்லை. வளைவில் நெல்மூடை ஏற்றிய உழவு இயந்திரம் நேருக்கு நேர் வந்தபோதுதான் நான் "யா அல்லாஹ்" என்று கத்தினேன். நீ வண்டியை ஓரத்துக்கு எடுத்து நிறுத்தினாய். முன் சக்கரம் வாய்க்கால் கட்டில் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். உழவு இயந்திரத்தை ஓட்டி வந்தவர் இறங்கி வந்து ஏசுவார் என்று பார்த்தால், கண்ணாடிப் பக்கம் குனிந்து கேட்டார்:

"எங்க தம்பி, கட்டாரா சவூதியா?"

"கட்டார்" என்றாய்.

"என்ட மச்சானும் வந்த புதுசில இப்பிடித்தான். பெரிய ரோட்டில பிழை விட மாட்டானுகள், ஆளில்லாத ரோட்டிலதான் பிழை விடுவானுகள். பார்த்துப் போங்க" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார். நான்கூடச் சிரித்தேன், பயம் தெளிந்த சிரிப்பு. நீ சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கவா உனக்குக் கேட்கவா என்று தெரியாத குரலில், "எனக்கு இங்க ஏலா போல உம்மா" என்றாய். மருமகனுக்குப் போன் பண்ணி அவரை வரச் சொன்னோம், அவர்தான் காரை வீட்டுக்கு ஓட்டி வந்தார். நீ பின் சீட்டில் இருந்தாய். அந்த லீவு முடியும்வரைக்கும் நீ எந்த வாகனத்தின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. கடைக்குப் போக வேண்டுமென்றாலும் ஓட்டோ பிடித்துப் போனாய்.

அன்று பின்னேரம் குளித்துவிட்டு வந்து என்னிடம் ஒன்று கேட்டாய். "உம்மா, துவாயை எங்க காயப்போடுற?" என்றாய். நான் ஏதோ வேலையில் இருந்து "அங்க போடு மகன்" என்று கையைக் காட்டினேன். இரண்டு நாள் கழித்துத்தான் அது என்னைக் குத்தியது. வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு கட்டாருக்குப் போய், ஒவ்வொரு கல்லாக இந்த வீட்டைக் கட்டியவன் நீ. பெரியவளுக்கு ஒரு வீடு, பிறகு சின்னவளுக்கு இந்த வீடு. உன் வீட்டில் துவாயை எங்கே காயப்போடுவது என்று உனக்குத் தெரியவில்லை, நீ ஒரு விருந்தாளியைப் போலக் கேட்டாய். உன் பெட்டியை ஹோலின் மூலையில் வைத்திருந்தாய், அதைக் கடைசிவரைக்கும் முழுதாகத் திறக்கவில்லை. நீ முன்பு படுத்த அறையில் இப்போது சின்னவளின் பிள்ளைகள். அவள் பிள்ளைகளை எழுப்பி உனக்கு அறையைத் தரவந்தாள், நீ வேண்டாம் என்று ஹோலில் கிடந்த செற்றியில் படுத்தாய்.

நம் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நம் ஊரில் ஒருவரும் அதை ஒரு கதையாகக் கதைப்பதில்லை. ஆண்பிள்ளை கட்டிக் கொடுப்பான், பிறகு கலியாணம் முடித்து இன்னொரு வீட்டில், அவன் மச்சினன் கட்டிய வீட்டில், போய் இருப்பான். உன் வாப்பாவும் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தார். வந்த புதிதில் மண்வெட்டியை எங்கே வைப்பது என்று என் உம்மாவிடம் கேட்டுக்கொண்டு நின்றது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஆனால் அவர் நேரே ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்கு வந்தார். நீ இடையில் போய் நின்றுவிட்டாய். இந்த வீடும் உன்னுடையது இல்லை, கட்டப் போகிறவளின் வீடு இன்னும் வரவில்லை, கட்டாரில் கட்டில் மட்டும்தான் உன்னுடையது. நான் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. தங்கச்சிமாருக்கு நீ செய்ததைச் செய்யாமல் விட்டிருக்கலாம் என்றும் சொல்ல மாட்டேன், அவர்கள் நன்றாய் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் என்னவென்றால், நீ உன்னை அந்தக் கம்பனிக்காரன் மாதிரியே கணக்குப் பார்த்துவிட்டாய். இந்த ஊருக்கு மாற்றி எடுக்க நிறைய உடைக்க வேண்டும், அதற்கு ஆட்கள் காணாது, அதனால் அனுப்பத் தேவையில்லை என்று உன் பெயருக்கு நேரே நீயே ஒரு கோடு போட்டுக்கொண்டாய். அதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு, வண்டியை முன்னால் நிறுத்திவிட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அந்த வண்டி பெரியதுதான், ஆனால் உம்மாவுக்குத் தெரியாமல் ஒளிகிற அளவுக்குப் பெரியதில்லை.

நிந்தவூரில் இருந்து உனக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது என்று சொன்னேனே. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், முதல் புருஷன் விட்டுப் போனவள். நீ "எனக்கு எந்த வீடும் ஏலா உம்மா" என்றாய். சரி, அவளைக் கட்டு என்று நான் உன்னை நெருக்கவில்லை. ஆனால் என்றைக்காவது ஒரு வீட்டுக்குள் மாப்பிள்ளையாகப் போனால் துவாயை எங்கே போடுவது என்று கேட்காதே, நீயே ஓரிடம் பார்த்துப் போட்டுவிடு. பிழையான இடத்தில் போட்டால் யாராவது எடுத்துச் சரியான இடத்தில் போடுவார்கள், அதோடு அது உன் இடமாகிவிடும். சும்மா எடுத்ததற்கெல்லாம் "பரவாயில்ல, பரவாயில்ல" என்று சொல்லாதே. அதைச் சொல்லிச் சொல்லியே நீ எல்லா இடத்திலும் மூலையில் இருக்கிறாய்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இதுவும் உன் கணக்கில்தான்.

இன்று காலை மருமகனிடம் இன்னொன்று கேட்டேன். "வண்டிய மாத்த ஏலா எண்டீங்க. ஓட்டுறவன்ட கைய மாத்த எவ்வளவு காலம்?" அவர் யோசிக்கக்கூட இல்லை. "அது என்ன மாமி, பக்கத்தில ஒரு ஆள் இருந்து 'இடப்பக்கம், இடப்பக்கம்' எண்டு சொல்லிக்கொண்டு வந்தா ரெண்டு கிழமையில பழகிரும். மச்சான் சொல்லித்தர ஆளில்லாம ஓட்டப் போய்த்தான் பயந்துட்டார்" என்றார். பக்கத்தில் இருந்து கத்தத்தான் தெரிந்தது எனக்கு அன்றைக்கு. அதைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால் போதுமாம். சின்னவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவள், பிள்ளைக்குத் தலை வாரியபடி, "என்ட கூடப்பொறந்த காக்காட்ட சொல்லுங்க உம்மா, இது அவர்ட வீடு. அவர் வந்து செற்றியில படுத்தா நான் கதைக்க மாட்டன்" என்றாள். நீ செற்றியில் படுக்கத் தேவையில்லை. பின்வளவில் நான் இருக்கிற அறைக்குப் பக்கத்தில் சாமான் அறையைக் காலியாக்கி வெள்ளை அடித்தாயிற்று. தனிக் கதவு. வாசலுக்கு நேரே இரண்டு தென்னைக்கு நடுவில் ஒரு கயிறும் கட்டியிருக்கிறேன், அதில் வேறு யாருடைய உடுப்பும் கிடக்காது. காகம் மட்டும் வந்து இருக்கிறது, அதை நீ வந்து விரட்டு.

இனி உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். நீ லீவு முடிந்து போன அடுத்த மாதமே நான் கல்முனையில் சாரதிப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். நீ சிரிப்பாய் என்று தெரியும், ஊரே சிரித்து முடித்துவிட்டது. "மாமி உம்ராவுக்குப் போற வயசில லேனர்ஸ் போறா" என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். பயிற்சி தருகிற பிள்ளை முதல் நாள் என்னைக் கண்டு, மகளைச் சேர்க்க வந்ததாக நினைத்து ஃபோர்மை நீட்டியது. முதல் கிழமை முழுக்க எனக்கு வாகனம் விக்கல் எடுத்ததுபோல்தான் போனது. ஒருநாள் ஓர் ஆட்டை முட்டப் பார்த்தேன், ஆடுதான் நிதானமாக விலகியது. ஆளில்லாத வீதியில் ஓட்டும்போதெல்லாம் உன் முகம் வரும், நானே எனக்கு "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று சொல்லிக்கொள்வேன். பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு அது ஏதோ ஓதல் என்று நினைப்பு. போன கிழமை ஓட்டிக் காட்டுகிற டிரயலும் பாஸ். லைசனில் என் படம் திருடியின் படம்போல இருக்கிறது, அதை மட்டும் அனுப்ப மாட்டேன்.

அதனால், மகன், கையெழுத்துப் போடாதே. அந்தப் பெரிய வண்டி அங்கேயே இருக்கட்டும், அதற்கு அந்த வீதி சரி. நீ கொழும்புக்கு வந்து ராத்திரி பஸ்ஸில் ஏறு. விடிய கல்முனையில் இறங்குவாய். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே மருமகனின் சின்ன வெள்ளைக் கார் நிற்கும். போனமுறை மாதிரியே யோசிக்காமல் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இரு, உன் உடம்புக்கு அந்தப் பக்கம்தான் பழக்கம். ஸ்டியரிங்கைத் தேடாதே, அது என் கையில் இருக்கும். உன் கை பழகும்வரைக்கும் நான் ஓட்டுகிறேன்.

உம்மா